‘வெளியே போனியா’ என்று கேட்ட தப்பு

மூத்திரம் என்ற சொல்லைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வதற்குள் எனக்கு இருபத்து நான்கு வயதாகிவிட்டது. சிரிக்காதீர்கள். நர்ஸ் வேலைக்குப் படித்து, பாஸ் பண்ணி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் மொடமொடவென்று வார்டில் நின்று மூன்று வருடம் ஆன பிறகும் அந்தச் சொல் என் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் ‘யூரின்’ என்று சொல்ல வாய் கூசாது. தமிழ் என்றால் மட்டும் நாக்கு மடங்கிக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் “ஏதாவது அனுபவம் சொல்லுங்க மேடம்” என்று கேட்டபோது, நான் யாரையாவது காப்பாற்றிய கதையை எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படியும் ஒன்று இருக்கிறது. என்னைப் பற்றி அப்படித்தான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நடந்தது என்னவென்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருவள்ளூர்க்காரி. அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் தீர்த்தம், சமையல் தளிகை. அப்படி ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஒரு பெயர் வைத்திருந்த வீட்டில், உடம்பிலிருந்து வெளியேறுகிற எதற்கும் பெயரே கிடையாது. “வெளியே போயிட்டு வரேன்” என்பார்கள், அவ்வளவுதான். எதற்குப் போனார்கள், போன காரியம் ஆயிற்றா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்பா திடீரென்று போய்ச்சேர்ந்த பிறகு, மாமா ஒருவர்தான் என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பச் சொன்னார். அம்மா ஒரு வாரம் அழுதுவிட்டுச் சம்மதித்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு லீவு நாளில் வீட்டுக்குப் போனால், நான் வாசற்படி ஏறுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

“அங்கேயே நில்லுடி! கொல்லைப்பக்கமா போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வா. எதையெல்லாம் தொட்டுட்டு வந்திருக்கியோ, பெருமாளே!”

“சோப்புப் போட்டு நன்னா அலம்பிண்டுதாம்மா வந்தேன்.”

“சோப்பு தீட்டைப் போக்குமோடி? பெரிய டாக்டர் ஆட்டமா பேசறா!”

அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போது ஏக்கமாக இருக்கிறது. அன்றைக்கெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அம்மாவின் அந்த வீட்டை நான் என் கூடவே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

படிப்பில் நான் சுட்டி. அதிலும் படம் வரைவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். எங்களுக்கு உடற்கூறு எடுத்த டியூட்டர் சிஸ்டர் கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் இரண்டு சிறுநீரகங்களைப் போடுவார். கடைசி விலா எலும்புகளுக்குப் பின்னால், முதுகை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு. வலப்பக்கம் ஈரல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் ஒரு இழை தாழ்ந்திருக்கும். அதை நேர்கோட்டில் வரைந்தவர்களுக்கு மார்க் போய்விடும். நாம் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. ரத்தத்தை வடித்து, உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே மூத்திரப்பை அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஓரளவு நிரம்பியதும் மூளைக்குச் சொல்லி அனுப்பும். வாசல் திறந்தால் சரி. திறக்காவிட்டாலும் மேலே இருக்கிற இரண்டும் வேலையை நிறுத்தாது, அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

ஒருநாள் டியூட்டர் பெண்ணுடம்பின் குறுக்குவெட்டுப் படத்தைப் போட்டு, “இது ஒண்டுக்குடித்தனம்” என்றார். “முன்கட்டுல மூத்திரப்பை, பின்கட்டுல கர்ப்பப்பை, நடுவுல ஒரே சுவர். முன்கட்டுக்காரி சாமான் சேர்த்தா பின்கட்டுக்காரிக்கு இடம் கிடையாது. பிரசவ வார்டுல இதை மறந்தவ உருப்படமாட்டா.” நாங்கள் கொல்லென்று சிரித்தோம். அந்தப் படத்தை நான் அச்சில் வார்த்த மாதிரி வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினேன்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு வேலை கிடைத்த ஆஸ்பத்திரி, பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த சின்ன ஆஸ்பத்திரி. இருபது கட்டில். கரி ரயிலில் வந்து இறங்கினால் புடவை முழுக்கக் கரித்தூள் இருக்கும். காலையில் வார்டுக்குள் நுழைந்தவுடன் பினாயில் வாசனையும், அடுப்பில் ஊசிகளும் ரப்பர் குழாய்களும் கொதிக்கிற வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கு உங்களுக்கு எல்லாமே பொட்டலத்தில் வருகிறது, பிரித்துப் போட்டுவிட்டு எறிந்துவிடுகிறீர்கள். எங்களுக்கு மூத்திரக் குழாய் என்றால் சிவப்பு ரப்பர்க் குழாய். கொதிக்க வைத்து, கொதிக்க வைத்து, அது பழைய செருப்பு வார் மாதிரி தளர்ந்துபோகும் வரை உபயோகிப்போம். சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் சோதனைக்குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம் மாறுவதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை. சோதனைக்குழாயில் இருந்தால் அது ‘ஸ்பெசிமன்’. பாத்திரத்தில் இருந்தால் மட்டும் என்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது.

பாத்திரங்களெல்லாம் ஆயா கன்னியம்மாவின் பொறுப்பு. ஆயா என்றால் வயதானவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கும் என் வயதுதான். பக்கத்துச் சேரியிலிருந்து வருவாள். எனாமல் பெட்பேனைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் முகம் பார்க்கலாம். வாய் மட்டும் அவளுக்கு மைல் நீளம். வந்த புதிதிலேயே என்னைக் கண்டுகொண்டுவிட்டாள்.

“இன்னா சிஸ்டரம்மா, பேனு எடுத்தாந்தா மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு நிக்கிற? அது இன்னா உன்ன கடிக்கவா போவுது?”

“நீ எடுத்துண்டு போ கன்னியம்மா. எவ்வளவுன்னு மட்டும் சொல்லு, எழுதிக்கறேன்.”

“நான் சொல்றத நீ எய்தினா, கையெய்த்து யாருது?”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விடுவோம். அவள் கேட்டது விளையாட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலை என்ற பெண் வந்தது ஐப்பசி மாசத்து அடைமழையில். ஏரிக் குப்பத்திலிருந்து படகில் கரைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். மூன்றாவது பிரசவம். மூத்தவர்கள் இரண்டு பேரும் பெண் குழந்தைகள், சின்னவளுக்கு இன்னும் பேச்சுக்கூட வரவில்லை. இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். புருஷன் ஏரியில் இறால் பிடிக்கிறவன், வலையைத் தவிர வேறொன்றும் தெரியாத சாது. வலி எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது, பிள்ளையின் தலை குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் லேடி டாக்டர் முதலில் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார். காலை எட்டு மணிக்கு ஆண் குழந்தை வீலென்று கத்தியது. அஞ்சலைக்குக் கீழே நிறையத் தையல்.

பத்து மணிக்கு டாக்டருக்கு எங்கள் பக்கத்து ஆரணியில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “இந்தப் பொண்ணு மேல ஒரு கண் வெச்சுக்கோ. ரொம்ப நேரம் வலி, வீக்கம் இருக்கு. யூரின் போறாளான்னு பாத்து எழுது.”

‘பாத்து’ என்றுதான் சொன்னார். நான் கேட்டு எழுதினேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வார்டு வாசலில் நின்றபடியே, கையில் சார்ட்டை வைத்துக்கொண்டு, “இந்தாம்மா அஞ்சலை, வெளியே போனியா?” என்று கேட்டேன்.

“போனேன் சிஸ்டரம்மா” என்றாள்.

எழுதினேன். பன்னிரண்டு மணி, ‘பாஸ்டு யூரின்’, அதாவது மூத்திரம் போயிற்று. அதற்குக் கீழே என் கையெழுத்து. திரும்பிப் போய் மற்ற வேலையைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது.

அவளுக்குக் கஞ்சி கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள். கையில் சலைன் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி வாக்கில் கன்னியம்மா துணி மாற்றப் போனவள், “சிஸ்டரம்மா, இங்க வா, சீக்கிரம் வா” என்று கூப்பிட்டாள். ஓடினேன். அடியில் போட்டிருந்த துணி, அதற்கடியில் ரப்பர் ஷீட், எல்லாம் ரத்தம். அஞ்சலை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் போகிறவர்கள் அப்படிக் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். உதடு வெளுத்திருந்தது. நாடி ஓடிய ஓட்டத்தை விரலால் எண்ணவே முடியவில்லை.

பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கிக் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் உள்ளே திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடும். வயிற்றில் கை வைத்தேன். பஞ்சுப்பொதி மாதிரி கொழகொழவென்று இருந்தது. தொப்புளுக்கும் மேலே போய், வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தேய்த்துக் கொடுத்தேன், இறுகியது. கையை எடுத்தேன், தளர்ந்தது. ஊசி போட்டேன். இறுகியது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தளர்ந்தது. கட்டி கட்டியாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஆரணிக்கு ஆள் அனுப்பினேன், சைக்கிளில். மழையில் அவன் போய்ச் சேர்ந்து டாக்டர் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடவே பயமாக இருந்தது. எங்களிடம் ஏற்றுவதற்கு ரத்தம் கிடையாது. மெட்ராஸுக்கு அனுப்பலாம் என்றால் அரிசி மில் முதலாளியின் காரைத்தான் கேட்க வேண்டும். போகிற வழியில் பாதி தூரம் ரோடே இல்லை, வெறும் சேறு. காரில் ஏற்றினால் மெட்ராஸ் போய்ச் சேருவாளா? இங்கேயே வைத்திருந்தால் என் கைக்கடியிலேயே போய்விடுவாளா? கேட்க ஒரு ஆள் இல்லை. வராந்தாவில் அவள் புருஷன் குழந்தையை வலை பிடிக்கிற கையால் ஏடாகூடமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பொயச்சிக்குவாளா சிஸ்டரம்மா? ரெண்டு பொட்டப் புள்ளைங்க ஊட்ல ஆத்தா ஆத்தான்னு அய்வுதுங்க” என்றான்.

“சும்மா இருப்பா. ஒண்ணும் ஆகாது” என்று அதட்டினேன்.

காரே சரி என்று முடிவு பண்ணிவிட்டேன். “கன்னியம்மா, மில்லுக்கு ஓடு. கார் வேணும்னு சொல்லு, உயிர் போற அவசரம்னு சொல்லு” என்றேன்.

கன்னியம்மா ஓடவில்லை. அஞ்சலையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா சிஸ்டரம்மா இது, வவுறு ரெண்டு மேடா கீது? மேல ஒண்ணு, கீய ஒண்ணு. காத்தாலேருந்து ஒரு சொட்டு உட்லியே இந்தப் பொண்ணு, அதான் ஊதிக்கினு கீதா?”

“என்ன உளறறே? பன்னண்டு மணிக்குப் போனேன்னு சொன்னாளே!”

“போனா. நான்தான கைத்தாங்கலா பின்னால கக்கூசுக்கு இட்டுக்கினு போனேன். குந்தினா, எரியுதுன்னு அய்தா, எய்ந்து வந்துட்டா. ஒண்ணுக்கு எங்க வந்துச்சு? நீ வெளிய போனியான்னு கேட்ட, அவ போனேன்னா. வந்துச்சான்னு நீ கேட்டியா?”

அஞ்சலையின் வயிற்றை இன்னொரு தடவை பார்த்தேன்.

ஒண்டுக்குடித்தனம். முன்கட்டுக்காரி காலையிலிருந்து சாமான் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். தையல் வலியில் வாசல் திறக்கவில்லை, மேலே இருக்கிற இரண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, போதாதற்கு நான் வேறு சலைன் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பை நிரம்பிக் கர்ப்பப்பையை மேலே தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்த்து, இறுகவிடாமல் பண்ணிக்கொண்டிருக்கிறது. நான் ஊசி மேல் ஊசியாகப் போட்டு என்ன பிரயோஜனம்? பத்துக்குப் பத்து வாங்கிய படம் என் கண்ணெதிரே கட்டிலில் படுத்துக்கிடந்தது, எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

“குழாய எடு!” என்று கத்தினேன்.

நல்லவேளை, காலையில் கொதிக்க வைத்தது மூடியபடியே இருந்தது. வலது கையால் குழாயைச் செலுத்தினேன். கன்னியம்மா எனாமல் ஜக்கைப் பிடித்தாள். முதல் தடவையாக நான் முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். கோமேதக நிறத்தில் வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஜக்கு நிரம்பி, அடுத்த பாத்திரம் வைத்தாள். என் இடது கை அஞ்சலையின் வயிற்றின் மேல் இருந்தது. அந்தக் கைக்கடியில் கர்ப்பப்பை மெல்ல மெல்லக் கீழே இறங்கி நடுவுக்கு வந்தது. பிறகு இறுகியது. கையை எடுத்துப் பார்த்தேன். தளரவில்லை.

“நின்னுடுச்சு போலக் கீது சிஸ்டரம்மா” என்றாள் கன்னியம்மா, துணியைப் பார்த்துவிட்டு.

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபடியே அளந்தேன், ஒரு லிட்டருக்கும் மேலே இருந்தது. நாடி சொன்ன பேச்சுக் கேட்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அஞ்சலை கண்ணைத் திறந்து, “புள்ளைக்குப் பால் குட்த்தாங்களா?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும் கன்னியம்மாவும் அழுதாள்.

நாலரை மணிக்கு டாக்டர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். வயிற்றைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ஜக்கில் இருந்ததைப் பார்த்தார், கடைசியில் சார்ட்டைக் கையில் எடுத்தார்.

“பன்னண்டு மணிக்கு பாஸ்டு யூரின்னு எழுதியிருக்கே. அப்புறம் ஏது இவ்வளவு?”

இந்த இடத்தில்தான் உங்களை நான் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். ரத்தம் ஓடும்போது நிதானமாக இருப்பது பெரிய காரியம்தான், ஆனால் அது கையும் காலும் பழகிச் செய்கிற காரியம். எல்லாம் அடங்கிய பிறகு ஒருவர் சார்ட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்பாரே, அந்த நேரத்து நிதானத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு முன்னால் இரண்டு பதில் இருந்தது. நான் பார்க்கவில்லை டாக்டர் என்பது ஒன்று.

“கேட்டேன் டாக்டர். போனேன்னு சொன்னா” என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பாருங்கள். அதுதான் அதில் இருக்கிற அயோக்கியத்தனம்.

டாக்டர் அஞ்சலையிடம் திரும்பினார். “ஏம்மா, வராததை வந்ததுன்னு சொல்லலாமா? படிச்சவங்க கேட்டா பொய்யா சொல்றது? இந்த நர்ஸம்மா மட்டும் கண்டுபிடிச்சுக் குழாய் போடலேன்னா இந்நேரம் உன் பிள்ளைக்கு ஆத்தா இல்ல.” பிறகு என் தோளைத் தட்டி, “வெல் டன்” என்றார். கன்னியம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், வெளியே போனாள். அத்தனை நீள வாயை அவள் அன்றைக்குத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. மூத்திரம் வந்துச்சா, எவ்வளவு வந்துச்சு, என்ன நிறம், எரிச்சல் உண்டா, எங்கே அந்தப் பாத்திரத்தைக் காட்டு. வெட்கப்பட்ட பெண்களிடம் ஊர் வழக்கப்படி ஒண்ணுக்கு என்று கேட்பேன். ஆனால் வெளியே போனியா என்று யாரையும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனபோது அம்மா பழக்கத்தில் “வெளியே போயிட்டு வரேன்” என்று எழுந்தாள், நான் பழக்கத்தில் “எரிச்சல் கிரிச்சல் இருக்காம்மா?” என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு பாக்டரியின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாக்கிங் வேலைக்கு வந்த பெண்களில் நாலைந்து பேர் மாசா மாசம் நீர்க்கடுப்பு என்று வந்து நின்றார்கள். மாத்திரை கொடுத்தால் போகும், மறுபடி வரும். ஒருத்தியை உட்காரவைத்து, காலையிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போனாய் என்று நேராகக் கேட்டேன்.

“எங்கக்கா போறது? ஊட்டுக்குப் போய்த்தான். அதுக்கோசரம் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல” என்றாள்.

“ஏன், இங்கே கக்கூஸ் இல்லையா?”

“கீது. உள்தாப்பா இல்லக்கா. ஆம்பளைங்க நடமாட்ற இடம், ரொம்ப பேஜாரு.”

பெண்ணுக்கு மூத்திரப் பாதை இரண்டு விரல்கடை நீளம்தான். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றால் கிருமி ஏறாமல் என்ன பண்ணும்? மானேஜர் அறைக்குப் போனேன். அவரோடு இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “சார், நம்ம பொண்ணுங்க மூத்திரம் போக முடியாம உடம்பைக் கெடுத்துக்கறாங்க, ஒரு தாழ்ப்பாள் வேணும்” என்றேன். மூன்று பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிவக்கவில்லை. மறுநாளே தச்சன் வந்தான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஊசி போட்டிருக்கிறேன், அந்தத் தாழ்ப்பாளைப் போல உடனே குணம் தந்த மருந்தை நான் பார்த்ததில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல பெயரோடு எழுந்து போய்விடலாம். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் கன்னியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பிரசவத்துக்கு மறுநாள் காலை, மழை விட்டிருந்தது. நான் வார்டுக்குள் நுழைந்ததும் அஞ்சலை எழுந்து உட்காரப் பார்த்தாள். தலை சுற்றும், படு என்றேன். படுக்கவில்லை. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

“சிஸ்டரம்மா, ராவெல்லாம் எனுக்கு மனசே சரியில்ல. நீ வெளிய போனியான்னு கேட்ட, நான் போனேன்னு சொல்லிட்டேன். ஒண்ணுக்கு வர்லன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லணும்னு சொல்லலம்மா. எங்க நைனா மேல சத்தியமா சொல்றேன். என்னால உனுக்கு எவ்ளோ கஷ்டம், நேத்து நீ அய்தியாமே. மனசுல வெச்சிக்காதம்மா.”

அவள் வெட்கமும் என் வெட்கமும் ஒன்றுதான். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவளுக்கு அது வேலை இல்லை, எனக்கு அது வேலை. தப்பு உன் மேல் இல்லை அஞ்சலை, நான் கேட்டதுதான் தப்பு, உன் பக்கத்தில் வந்து பார்க்காததுதான் தப்பு. இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வார்டில் பத்துப் பேர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் டாக்டர் தட்டிக்கொடுத்த தோளை அவர்கள் முன்னால் தாழ்த்த எனக்கு மனசில்லை.

நான் தலைப்பை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “சரி, போனாப் போறது. இனிமேலாவது ஆஸ்பத்திரியில கேட்டா உண்மையைச் சொல்லு” என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிள்ளையின் பிஞ்சுக் கையையும் சேர்த்துப் பிடித்து, என்னைக் கும்பிட்டாள்.